விளக்கு வைத்த பிறகு விரிந்த பூ

அபுதாபிக்கு மேற்கே ருவைஸில் நாங்கள் இருந்த வருடங்களில், மழை பெய்த நாள்களை மட்டும் டைரியில் பச்சை மையால் எழுதிவைப்பேன். மற்ற எல்லாவற்றுக்கும் நீலம்தான். கேஸ் சிலிண்டர் மாற்றிய தேதி, காருக்கு ஆயில் மாற்றிய தேதி, நான் வேலைபார்த்த எண்ணெய் ஆலையில் ஷட்டவுன் தொடங்கிய தேதி, ஊரிலிருந்து வந்த கல்யாணப் பத்திரிகைகளின் தேதி. எனக்கு அப்படி ஒரு பழக்கம். பச்சை வரிகள் வருடத்துக்கு இரண்டோ மூன்றோ வந்தால் அதிகம். ஒன்றுகூட இல்லாத வருடங்களும் உண்டு. நான் சொல்லப்போகும் வருடத்தில் மார்கழி பாதியிலேயே பச்சை தொடங்கிவிட்டது. பார்க்கிங்கில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. ஆலையில் எங்கள் ஷிஃப்ட் பையன்கள் அதில் காகிதக் கப்பல் விட்டு வீடியோ எடுத்தார்கள்.

அந்த மழையைப் பார்த்து என் மனைவி சொன்ன முதல் வார்த்தை, "அப்ப செடி வரும்."

அவள் திருச்சியில் எம்.எஸ்சி. தாவரவியல் படித்தவள். படிப்பு முடிந்த கோடையிலேயே கல்யாணம். அடுத்த வருடம் அமீரகம். அவளுடைய விசாவில் தொழில் என்ற இடத்தில் இல்லத்தரசி என்றும், அதற்குக் கீழே வேலை செய்ய அனுமதியில்லை என்றும் அச்சடித்திருந்தது. ஒவ்வொரு முறை விசா புதுப்பிக்கும்போதும் டைப்பிங் சென்டர்காரன் அந்த இரண்டு வரிகளையும் அப்படியே திரும்ப அடிப்பான். ஆனால் கம்பெனிக் குடியிருப்பின் நடைபாதைக் கற்களுக்கு இடையில் முளைக்கும் களைகளுக்கெல்லாம் அவளிடம் பெயர் இருந்தது. மாலையில் நடக்கும்போது ஒவ்வொன்றின் முன்னும் நிற்பாள். கூட நடக்கும் மற்ற பெண்கள் கொஞ்சம் கொஞ்சமாக வேறு நேரத்தில் நடக்கப் போய்விட்டார்கள்.

ருவைஸிலிருந்து தெற்கே, லிவா போகும் பக்கத்தில், வேலி போட்ட வனவிலங்குக் காப்பகம் ஒன்று இருந்தது. நீண்ட நேர்கொம்புள்ள ஓரிக்ஸும், ரீம் என்று இங்கே சொல்லும் வெளிர்நிறச் சின்ன மான்களும் அதற்குள் இருந்தன. அந்தக் காப்பகத்துக்குள் இருக்கும் செடிகளுக்கு முதல்முறையாக ஒரு முழுப் பட்டியல் தயாரிக்கிறார்கள், சனிக்கிழமைகளில் தன்னார்வலர்கள் வரலாம் என்று கம்பெனி கிளப்பின் நோட்டீஸ் பலகையில் பார்த்தேன். அவளிடம் சொன்னேன். அன்றைக்கே விண்ணப்பம் போட்டாள்.

செடிப் பட்டியல் என்றால் பார்த்ததை எழுதிக்கொண்டு போவது என்றுதான் நான் நினைத்திருந்தேன். அப்படியில்லை. ஒரு செடி இங்கே இருந்தது என்பதற்குச் சாட்சி அந்தச் செடியேதான். வேரோடு எடுத்து, காகிதத்துக்கு இடையில் அழுத்திக் காயவைத்து, கெட்டியான தாளில் ஒட்டி, கீழே ஒரு லேபிள் ஒட்ட வேண்டும். எங்கே எடுத்தது, எந்தத் தேதி, என்ன மண், யார் எடுத்தது. அப்படிப்பட்ட தாள்களைப் பாதுகாக்கும் இடத்துக்கு ஹெர்பேரியம் என்று பெயர். அபுதாபியில் இருந்த ஹெர்பேரியத்தை ஒரு மலையாளிப் பெண்மணி கவனித்துக்கொண்டார். டாக்டர் பட்டம் பெற்றவர், என் மனைவியைவிட இளையவர், எடுத்த எடுப்பில் "சேச்சி" என்று கூப்பிடுகிறவர். படம் எத்தனை வேண்டுமானாலும் எடுங்கள், ஆனால் தாள் இல்லாத செடி என் பட்டியலில் இல்லை என்று முதல் நாளே சொல்லிவிட்டார். எனக்கு அந்தக் கண்டிப்பு பிடித்திருந்தது.

செடி எடுக்கும் அனுமதி எல்லோருக்கும் கிடையாது. தாவரவியல் படித்தவர்களுக்கு மட்டும் அதற்கென்று படம் ஒட்டிய அட்டை ஒன்று கொடுத்தார்கள். அதில் என் மனைவியின் பெயர், அதற்குக் கீழே ஆங்கிலத்திலும் அரபியிலும் 'சேகரிப்பாளர்'. எனக்குக் கிடைத்த அட்டையில் 'உடன் வருபவர்' என்று இருந்தது. அவள் தன்னுடையதை டைப்பிங் சென்டரில் கொடுத்து லேமினேட் செய்துகொண்டு வந்தாள்.

"இத்தனை வருஷத்துல இந்த ஊர்ல எனக்குன்னு குடுத்த முதல் கார்டுங்க."

"எமிரேட்ஸ் ஐடி இருக்கே."

"அது உங்க பொண்டாட்டிக்குக் குடுத்தது."

தை பிறந்து இரண்டாவது சனிக்கிழமை அந்தச் செடியைப் பார்த்தோம். இரண்டு மணல் மேடுகளுக்கு நடுவே பள்ளமான இடம், மேலே மெல்லிய மணல், கீழே இறுகிய தரை. நான் வண்டியிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டிருந்தேன்.

"ஏங்க, இங்க வாங்க. பாத்து வாங்க, மிதிச்சிடாதீங்க."

ஒரு சாண் உயரத்துக்கு அங்கங்கே கொத்தாக நின்றது. தண்டு, இலை எல்லாம் ஒரே பிசுபிசுப்பு. அதில் மணல் அப்பி, செடியே மணலால் செய்தது மாதிரி இருந்தது. நுனியில் குழல் குழலாக மொட்டு. சிலவற்றில் சுருண்ட வெள்ளை எட்டிப் பார்த்தது.

"என்ன, வாடிப்போன மாதிரி இருக்கு?"

"வாடல. தூங்குது. இது சாயங்காலம்தான் விரியும்."

சைலீன் என்ற பேரினம் என்று பார்த்தவுடனேயே சொல்லிவிட்டாள். ஆனால் அந்தப் பேரினத்தில் இந்தப் பக்கத்தில் ஒன்றுக்கு மேற்பட்டவை உண்டாம். எது என்று சொல்ல விரிந்த பூ வேண்டும். இதழ் எவ்வளவு ஆழம் பிளந்திருக்கிறது, பிளவுக்கு அடியில் செதில் எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும். மூடிய பூ காய்ந்தால் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு போய்விடும். அன்றே அங்கிருந்து டாக்டருக்குப் போன் போட்டாள். சிக்னல் விட்டு விட்டு வந்தது. அவருடைய குரல் எனக்கும் கேட்டது.

"சேச்சி, உள்ளதா சொல்றீங்க? அந்தக் காப்பகத்துல இருந்து இந்தப் பேரினம் ஒரு ஷீட் கூட நம்மகிட்ட இல்ல. விரிஞ்ச பூவோட கொண்டு வாங்க. இதழ் பாக்காம நான் பேரு எழுத மாட்டேன். கோடைக்கு முன்னால லிஸ்ட் பிரஸ்ஸுக்குப் போகுது. முதல் ரெக்கார்டுக்கெல்லாம் பக்கத்துலயே எடுத்தவங்க பேரு வரும், கேட்டோ?"

திரும்பும் வழியில், லாரிகள் நிற்கும் கஃபட்டேரியாவில் கரக் டீ குடிக்கும்போது, "பக்கத்துலயே பேரு வருமாம்" என்றாள். காப்பகம் அச்சிடும் ஒரு சிறு புத்தகத்தில், ஒரு செடியின் பெயருக்கு எதிரே ஒரு வரி. அவளுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். அதைவிடப் பெரிதாக அவள் எதையும் என்னிடம் கேட்டதாக என் டைரிகளில் எங்கேயும் இல்லை.

அந்தச் செடிகளின் கூட்டம் சிறியது என்பதால் இரண்டு செடிகள் மட்டும் எடுக்கலாம் என்று காப்பகத்தில் அனுமதி கொடுத்தார்கள். ஆனால் தன்னார்வலர்கள் சூரியன் மறைவதற்குள் வேலிக்கு வெளியே போய்விட வேண்டும். பூ விரிவதோ மறைந்த பிறகு. இந்தச் சிக்கலுக்கு நாங்கள் கண்டுபிடித்த வழியை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது.

"இதுக்கெல்லாம் தனிப் பர்மிஷன் கேட்டு நிக்கணுமா?" என்றாள். "மல்லிய மத்தியானம் மொட்டாத்தான பறிக்கறாங்க? சந்தைக்குப் போயி, கை மாறி, தலையில ஏறி, அப்புறம் ராத்திரி விரியல?"

நான் மதுரைப் பக்கம். என்னிடம் இப்படிக் கேட்டால் வேறு என்ன பதில் வரும்? பூ என்றால் மொட்டாகப் பறிப்பது, ஈரத்துணியில் சுற்றுவது, வீட்டுக்கு வந்து விரிவது. எங்கள் இருவருக்கும் அதில் சந்தேகமே வரவில்லை. அடுத்த சனிக்கிழமை மூன்று மணி வாக்கில், மொட்டு நிறைந்த ஒரு செடியை அவள் வேரோடு எடுத்தாள். நனைத்த துண்டில் சுற்றி, வெயில் படாமல் காலடியில் வைத்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்ததும் எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் ஊற்றி நட்டு, பால்கனிப் பக்கம் வைத்தோம். ஆலையின் தீக்கொழுந்து தூரத்தில் எரிந்துகொண்டிருந்தது. நாங்கள் இட்லி சாப்பிட்டுக்கொண்டே எட்டி எட்டிப் பார்த்தோம். ஒரு மொட்டும் அசையவில்லை. மறுநாள் காலையில் அத்தனையும் தலைதொங்கிவிட்டன.

டாக்டர் போனில் விழுந்து விழுந்து சிரித்தார். "எண்டம்மே! சேச்சி, இது முல்லைப்பூ இல்ல, மாலை கட்டறதுக்கு!" என் மனைவியும் கூடவே சிரித்தாள். போனை வைத்த பிறகு டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள். அந்தச் செடியையும் முறைப்படி அழுத்திக் காயவைத்தாள். எடுத்ததை வீணாக்கக் கூடாது என்பது ஹெர்பேரியத்தின் விதி.

மிச்சம் ஒரு செடி. இந்த முறை டாக்டரே காப்பகத்துக்கு எழுதி, ஒரு சனிக்கிழமை மட்டும் சூரியன் மறைந்ததும் வரும் மக்ரிப் தொழுகைக்குப் பிறகும் சிறிது நேரம் உள்ளே இருக்க அனுமதி வாங்கிக் கொடுத்தார். கூடவே காவலர் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. காவலர் பெஷாவர் பக்கத்துக்காரர். நாற்பதைத் தாண்டியவர். மான்களுக்குத் தண்ணீரும் தீவனமும் வைக்கும் வேலை. ரீம் மான்கள் மனிதர்களை நம்புவதில்லை என்பது அவருடைய நிரந்தரக் குறை. "ஓரிக்ஸ் நம்ம மாடு மாதிரி பாய். ரீம் மட்டும் கிட்டவே வராது, எத்தனை வருஷம் சோறு போட்டாலும்" என்று இந்தியில் புலம்புவார். எங்கள் வேலை அவருக்கு விளையாட்டாக இருந்தது. தன் பிக்கப்பின் பேனட்டில் சாய்ந்துகொண்டு, "இத்னா சா ஃபூல், மேடம்? இந்தத் துளியூண்டு பூவுக்கா அபுதாபியிலிருந்து பேப்பர் வந்தது?" என்றார்.

நம் பழைய இலக்கணக்காரர்கள் பாலைக்கு நண்பகலையும் முல்லைக்கு மாலையையும் ஒதுக்கிவைத்திருக்கிறார்கள். படித்த காலத்தில் அதை நான் அப்படியே ஏற்றுக்கொண்டவன். அன்று அந்தப் பள்ளத்தில் உட்கார்ந்தபோதுதான், பாலையிலும் மாலை நேரம் என்று ஒன்று தனியாக இருப்பது தெரிந்தது. சூரியன் மேட்டுக்குப் பின்னால் இறங்கியது. மணல் சட்டென்று குளிர்ந்தது. ஒரு மொட்டின் வாயில் சுருண்டு கிடந்த வெள்ளை லேசாக நிமிர்ந்தது. பிறகு பக்கத்தில் ஒன்று. அசைவது கண்ணுக்குத் தெரியவில்லை. வேறு பக்கம் பார்த்துவிட்டுத் திரும்பினால் மாறியிருந்தது. ஒவ்வொரு இதழும் நுனியில் இரண்டாகப் பிளந்து, ஐந்தும் தட்டையாக விரிந்து நின்றன. மெல்லிய வாசனை வந்தது. எங்கிருந்தோ ஒரு சாம்பல்நிற அந்துப்பூச்சி வந்து முதல் பூவில் இறங்கியது.

"பாத்தீங்களா, பாத்தீங்களா" என்று அவள் குசுகுசுத்தாள். குனிந்து லென்ஸை வைத்துப் பார்த்தாள். குறிப்பேட்டில் ஏதோ எழுதினாள். நான் போனில் படம் எடுத்தேன். ஒரே இருட்டு, ஃபிளாஷ் போட்டால் இதழெல்லாம் வெறும் வெள்ளைப் புள்ளி.

"எடு, வெளிச்சம் போகுது" என்றேன்.

அவள் முழங்காலிட்டாள். சின்னக் கொத்துக்கரண்டியை மணலுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். நிறுத்தினாள்.

"கேட்டுல லைட்டு போட்டுட்டாங்க."

திரும்பிப் பார்த்தேன். தூரத்தில் காவலர் அறையின் டியூப் லைட் எரிந்தது.

"அதனால என்ன?"

"விளக்கு வச்ச பிறகு செடியில கை வைக்கக் கூடாதுங்க."

நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். கரண்டி மட்டும் நகரவில்லை.

"அது டியூப் லைட்டு."

"டியூப் லைட்டுன்னா விளக்கு இல்லையா?"

"எம்.எஸ்சி. பாட்டனி பேசற பேச்சா இது?"

"காலேஜ்ல எல்லாம் பகல்லதான் கூட்டிட்டுப் போவாங்க. பொழுது சாஞ்சு நான் ஒரு கறிவேப்பிலைகூடக் கிள்ளினது இல்ல. உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும். ரசம் கொதிக்கும்போது பால்கனித் தொட்டியில் கறிவேப்பிலை இருந்தும், ஃபிரிட்ஜில் வாடியதைத் தேடுகிறவள். அதை நான் ஒரு பொருட்டாகவே நினைத்ததில்லை.

"சரி, செடி தூங்கும், எழுப்பக் கூடாதுங்கறதுதான உன் கணக்கு? இது இப்பத்தான் முழிச்சிருக்கு. உன் சாஸ்திரப்படி பாத்தா இதைப் பகல்ல தொட்டதுதான் தப்பு."

அவள் உண்மையாகவே யோசித்தாள். அந்த முகம் எனக்கு இன்னும் நன்றாக நினைவிருக்கிறது. பிடிவாதம் இல்லை. பயமும் இல்லை.

"நீங்க சொல்றது சரிதாங்க. ஆனா கை போக மாட்டேங்குது."

காவலர் பக்கத்தில் வந்தார். "க்யா மஸ்லா ஹை, பாய்?" என்ன பிரச்சினை என்று கேட்டார். எனக்குத் தெரிந்த இந்தியில் விளக்கினேன். இதற்கும் கேலி செய்வார் என்று எதிர்பார்த்தேன். செய்யவில்லை. தாடியைத் தடவிக்கொண்டு, "மேடம் கை வைக்க வேணாம். நீ பிடுங்கு பாய். நான் அந்தப் பக்கம் பாக்கறேன், ஒண்ணும் தெரியாது" என்று நிஜமாகவே முதுகைக் காட்டித் திரும்பி நின்றார்.

நான் குனிந்தேன்.

"வேணாங்க" என்றாள். "நீங்க எடுத்தா லேபிள்ல நான் எப்படி என் பேரை எழுதறது?"

"யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியும்ல?"

எழுந்து மணலைத் தட்டிக்கொண்டாள். "காலையில வெயில் ஏர்ற வரைக்கும் மூடாது. விடிஞ்சதும் வந்து எடுத்துட்டுப் போயிடலாம். இது எங்க ஓடிப் போகப்போகுது?"

அதில் தவறே இல்லை. பூ காலையிலும் திறந்திருக்கும் என்பது உண்மை. வெளிச்சமும் நன்றாக இருக்கும். படமும் தெளிவாக வரும். காவலரும், "காலையில வாங்க, நான் கேட் திறக்கறேன்" என்றார். நானே சூரியன் உதிக்கும் நேரத்தைப் பார்த்து, எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று கணக்குப் போட்டுச் சொன்னேன். எல்லாம் ஒழுங்காக இருந்தது. எத்தனையோ முறை அந்த மாலையைத் திரும்ப நினைத்துப் பார்த்திருக்கிறேன். யாரும் தப்பாக எதையும் சொல்லிவிடவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

மறுநாள் விடியும்போது நாங்கள் கேட்டில் நின்றோம். காவலர் ஓடி வந்தார். ஈத் அன்று பார்த்தாலொழிய அவர் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சியைப் பார்க்க முடியாது.

"பாய்! முபாரக்! ரீம் வந்தது, குட்டியோட! எனக்கு இவ்வளவு கிட்ட, நான் நின்னுக்கிட்டே இருக்கேன், ஓடல! மாஷா அல்லா!"

போனை எடுத்து நீட்டினார். விடியற்காலை வெளிச்சத்தில் எடுத்த வீடியோ. தாய் மான் ஒன்று, கால் இன்னும் நிலைக்காத குட்டி ஒன்று. இடம் எங்களுக்குத் தெரிந்த பள்ளம். தாய் தலையைத் தாழ்த்தி, நிதானமாக, ஒவ்வொரு கொத்தாக மேய்ந்துகொண்டிருந்தது. நடுவில் ஒருமுறை தலையைத் தூக்கி நேராக எங்களைப் பார்த்தது. வாயோரத்தில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. காவலரின் மூச்சுச் சத்தம் அந்த வீடியோவில் கேட்டது.

என் மனைவி அதைக் கடைசிவரை பார்த்தாள். போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

"குட்டி நல்லா இருக்கு பாய்" என்றாள்.

அவர் சந்தோஷத்தில் எங்கள் பூவைச் சுத்தமாக மறந்திருந்தார். பள்ளத்துக்கு வந்து, மணலில் குளம்புத் தடத்தையும் கடித்த தண்டுகளையும் பார்த்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. "அரே" என்றார். மேல் நுனி ஒன்றுகூட மிஞ்சவில்லை. ஓரத்தில் நின்ற சின்னச் செடிகளில் இலைகளும், ஒன்றிரண்டு வெறும் குழல்களும் இருந்தன. மான்களுக்காகப் போட்ட வேலிக்குள் மான் மேய்ந்ததற்கு யார் மேல் கோபப்படுவது? காவலர் மன்னிப்புக் கேட்கும் பாவனையில் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அவள்தான், "நீங்க என்ன பண்ணுவீங்க பாய்? உங்க ரீம் சாப்பிட வந்துச்சு, அவ்ளோதான்" என்று சமாதானம் சொன்னாள்.

மிஞ்சியவற்றில் கொஞ்சம் முழுமையாக இருந்த ஒன்றை எடுத்தாள். அனுமதித்த இரண்டாவது செடி அது. சூரியன் மேட்டுக்கு மேலே வந்துவிட்டது.

திரும்பும் வழியில், ஆலையின் புகைபோக்கிகள் தெரியத் தொடங்கியபோது கேட்டாள்: "நேத்தே எடுத்திருக்கணும், இல்ல?"

"அடுத்த வாரம் பக்கக் கிளையில வேற மொட்டு வரும்" என்றேன்.

வரவில்லை. அந்த வாரத்திலேயே காற்று திரும்பி, வெக்கை தொடங்கியது. அடுத்த சனிக்கிழமை பள்ளம் வைக்கோல் நிறத்தில் கிடந்தது. அந்த வருடத்தின் கடைசிப் பச்சை வரி என் டைரியில் அதற்கும் முன்பே எழுதப்பட்டிருந்தது.

தாள்களை ஒப்படைக்க அபுதாபி போனோம். ஹெர்பேரியம் குளிர்ந்த, பூச்சி மருந்து வாசனை அடிக்கும் ஒரு நீண்ட அறை. டாக்டர் லென்ஸை வைத்து இரண்டு தாள்களையும் நெடுநேரம் பார்த்தார். என் படங்களையும் பெரிதாக்கிப் பார்த்தார். அவர் முயற்சி செய்யவில்லை என்று சொல்ல முடியாது. ஒரு மூடிய பூவை வெந்நீரில் ஊறவைத்து ஊசியால் பிரித்தார். இதழ் கூழாக வந்தது.

"பேரினம் எழுதலாம் சேச்சி. அதுக்கு மேல என்னால முடியாது."

"தெரியும்" என்றாள் என் மனைவி.

"விரிஞ்சப்போ அங்கதான இருந்தீங்க? எதுக்கு எடுக்கல?"

அவள் காரணத்தைச் சொன்னாள். ஒளிக்கவும் இல்லை, அதற்கு நியாயம் பேசவும் இல்லை. டாக்டர் லேபிள் படிவத்தைக் கையில் எடுத்தார்.

"எங்க வீட்டுலயும் சந்தியா நேரத்துக்குப் பிறகு துளசி நுள்ள விட மாட்டாங்க" என்றார். "இதை எந்தக் கட்டத்துல எழுதறது, சேச்சி?"

கடைசியில் குறிப்பு என்ற கட்டத்தில் என் மனைவியே எழுதினாள். பூ சூரியன் மறைந்த பிறகு விரிகிறது. விரிந்ததைப் பார்த்தேன், எடுக்கவில்லை. விடியற்காலையில் ரீம் மான் மேய்ந்துவிட்டது. இடத்தின் ஜி.பி.எஸ். அளவைகளையும், பள்ளத்துக்கு எந்தப் பக்கமாக இறங்கினால் செடிகளை மிதிக்காமல் போகலாம் என்பதையும்கூட எழுதினாள். கட்டம் நிறைந்து ஓரத்துக்கு வந்துவிட்டது.

பட்டியல் அச்சானது. பெயர் முழுமையாக உறுதிப்படாத செடிகளை அதில் சேர்க்கவில்லை. அந்தக் கோடையிலேயே எங்கள் ஆலையின் விரிவாக்கப் பணி முடிந்து, என் ஒப்பந்தமும் கலாஸ். விசா ரத்து செய்யும்போது அவள் எமிரேட்ஸ் ஐடியைக் கொடுத்தாள். லேமினேட் செய்த அந்த அட்டையைக் காப்பகத்தில் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது. ஒரு தாள் உறையில் போட்டு, நன்றி என்று எழுதி, காவலரிடம் கொடுத்துவிட்டு வந்தோம். அவர் அந்தக் குட்டி எவ்வளவு வளர்ந்துவிட்டது என்று காட்டினார்.

இப்போது திருச்சியில் இருக்கிறோம். அந்த ஹெர்பேரியம் தன் தாள்களையெல்லாம் படமெடுத்து இணையத்தில் போட்டிருக்கிறது. ஒவ்வொரு தாளுக்கும் ஒரு வரி. செடியின் பெயர், இடம், தேதி, எடுத்தவர். மாதத்துக்கு ஒருமுறை அதைத் திறந்து பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. என் மனைவியின் பெயரில் இரண்டு வரிகள். இரண்டிலும் பேரினத்தின் பெயருக்குப் பிறகு, எந்த இனம் என்று தெரியவில்லை என்பதற்கான 'sp.' என்ற சின்னச் சுருக்கம்.

போன பிப்ரவரியில் அதற்கடியில் மூன்றாவதாக ஒரு வரி வந்திருந்தது. அதே பள்ளம். அதே அளவைகள். எடுத்த நேரம் மாலை. பேரினத்துக்குப் பிறகு முழுப் பெயரும் இருந்தது. எடுத்தவர் வேறு யாரோ. குறிப்பில், முந்தைய சேகரிப்பாளரின் லேபிளைப் பின்பற்றிச் சென்று கண்டது என்று இருந்தது. பட்டியலின் அடுத்த பதிப்பில் சேர்க்கப்படும் என்றும்.

சொல்வதா வேண்டாமா என்று இரண்டு நாள் வைத்திருந்தேன். பிறகு லேப்டாப்பை அப்படியே சமையலறை மேடைக்குக் கொண்டுபோனேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள்.

"யாருங்க இது?"

"தெரியல. பேரைப் பாத்தா பிலிப்பைன்ஸ் மாதிரி இருக்கு."

தாளின் படத்தைப் பெரிதாக்கினேன். ஆறேழு பூக்கள் நன்றாக விரிந்து, தட்டையாக, இதழின் பிளவு நூல் பிடித்த மாதிரி தெரிந்தது. அவள் திரையில் விரலை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"நான் நெனச்ச பேருதான்" என்றாள். "அன்னிக்கே நோட்டுல எழுதிவச்சேன். லென்ஸ்ல பாத்தப்பவே."

"சொல்லவே இல்லையே?"

"ஷீட் இல்லாம சொல்லி என்ன ஆகப்போகுது?"

அவள் அந்தக் குறிப்பேட்டைப் போய் எடுத்து வரவில்லை. நானும் கேட்கவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு, லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பி உட்கார்ந்தாள்.

"இவங்களுக்கு ஒரு மெயில் போடலாமா? டாக்டர் மூலமா?"

"போடேன். என்னன்னு?"

"நல்லா எடுத்திருக்காங்கன்னு. அப்புறம், சூரியன் மறைஞ்சு எவ்வளவு நேரம் கழிச்சு முதல் பூ விரிஞ்சதுன்னு கேக்கணும். நான் அதைக் குறிக்கவே இல்ல. உங்க டைரியில இருக்கா?"

எடுத்துப் பார்த்தேன். தேதி இருந்தது. கிளம்பிய நேரம் இருந்தது, திரும்பிய நேரம் இருந்தது, மறுநாள் சூரியன் உதிக்கும் நேரம்கூட இருந்தது. அது மட்டும் இல்லை.

ஒற்றை விரலால் மெதுவாக அடித்தாள். நாலைந்து வரி. முடிவில் தன் பெயரை அடித்தாள். அடுத்த வரிக்குப் போய், ஆங்கிலத்தில் சேகரிப்பாளர் என்று அடித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"இருக்கட்டும்" என்றேன். "ரெண்டு ஷீட் இருக்கே உன் பேர்ல."

திரையின் பக்கம் திரும்பினாள். பிறகு அந்த ஒரு சொல்லை எழுத்தெழுத்தாக அழித்தாள். பெயரை மட்டும் விட்டுவிட்டு, அனுப்பினாள்.